நீ படிக்கட்டில் விழவில்லை

கோமதி,

மகனே, இதை உன்னிடம் நேரில் சொல்லிவிடத்தான் நினைத்தேன். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நம் மோட்டார் ரிப்பேர் கடையில் நாம் இரண்டு பேர் மட்டும் இருந்தோம். இளையரசனேந்தல்காரரின் கிணற்று மோட்டாருக்கு நீ புதுக் கம்பி சுற்றிக் காயில் இறக்கிக்கொண்டிருந்தாய். நான் ஸ்டூலில் உட்கார்ந்து உன் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். "என்னப்பா, கம்பி எதும் மாத்திப் போடுதேனா?" என்று கேட்டாய். "இல்லலே, நல்லாத்தான் போடுத" என்றேன். சொல்ல வேண்டியது மூன்று தடவை தொண்டை வரை வந்தது. மூன்றாவது தடவை வாயைத் திறந்தேன். "டீ சொல்லட்டுமா?" என்றுதான் வந்தது. நீ சிரித்தாய். நான் எழுந்து போய் டீ வாங்கிவந்தேன். அதனால்தான் இந்தக் கடிதம். எந்த மோட்டாருக்கு என்ன பழுது என்று துண்டுச் சீட்டில் எழுதிக் கட்டுவதைத் தவிர நான் இத்தனை வருடத்தில் நீளமாக எதுவும் எழுதியதில்லை. முன்னும் பின்னுமாக இருந்தால் பொறுத்துக்கொள்.

போன ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் நீ ஆப்பிரிக்கா வேலையைப் பற்றி உற்சாகமாகப் பேசிக்கொண்டிருந்தாய். நூற்பாலை எவ்வளவு பெரியது, உனக்குக் கீழே எத்தனை எலக்ட்ரீசியன்கள் இருப்பார்கள், குவார்ட்டர்ஸ் எப்படி இருக்கும் என்றெல்லாம். உன் அம்மா, "அங்கன கொசு உண்டாலே?" என்று கேட்டாள். நீ சொன்னாய்: "கொசு இல்லாமலாம்மா? எங்க காலேஜ் சீனியர் ஒருத்தரு அங்கனதான் இருக்காரு. மலேரியாவெல்லாம் அங்கன நம்ம ஊரு ஜலதோஷம் மாதிரியாம். வருஷத்துக்கு ரெண்டு தடவ வருமாம். மூணு நாள் மாத்திரையப் போட்டுட்டு எந்திரிச்சு வேலைக்குப் போயிருவாகளாம்." ரசம் ஊற்றப் போன அவள் கை அப்படியே நின்றுவிட்டது. நீ கவனிக்கவில்லை. அவள் உன்னைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். நீ கை கழுவிவிட்டு வெளியே போன பிறகு, "இந்த ஒரு தடவ நீங்க சொல்லுங்க. வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்பேன். இல்லன்னா நான் சொல்லிருவேன்" என்றாள். இன்றைக்கு வெள்ளிக்கிழமை.

சுற்றி வளைக்காமல் முதலில் சொல்லிவிடுகிறேன். உன் உடம்பில் மண்ணீரல் இல்லை. உன் வயிற்றில் மேலிருந்து கீழாக ஓடுகிற தழும்பு குடல் ஆபரேஷனால் வந்தது என்று உனக்குச் சொல்லியிருக்கிறோம். அது பொய். ஆறு வயதில் படிக்கட்டில் விழுந்து அடிபட்டாய் என்றும் சொல்லியிருக்கிறோம். அதுவும் பொய். நீ எங்கும் விழவில்லை. நான்தான் உன்னை விழவைத்தேன்.

அப்போது என்னிடம் ஒரு மொபெட் இருந்தது. அதன் முன்பக்கம் கால் வைக்கும் இடத்தில் நின்றுகொண்டு ஹேண்டிலைப் பிடித்தபடி வருவதென்றால் உனக்கு உயிர். அன்றைக்கு மேலநீலிதநல்லூர் பக்கம் ஒரு தோட்டத்தில் மோட்டார் நின்றுபோய், மிளகாய் வாடுகிறது என்று அந்த விவசாயி காலையிலேயே ஆள் அனுப்பியிருந்தார். நான் கிளம்பும்போது நீயும் வருவேன் என்று அழுதாய். "பிள்ளைக்கு மூக்கு ஒழுகுது. வெயில்ல கூட்டிட்டுப் போகாதிய" என்றாள் உன் அம்மா. "ஒரு மணி நேரத்துல வந்துருவோம்ட்டி" என்று சொல்லி உன்னை ஏற்றிக்கொண்டேன். உன்னை அழவிடக் கூடாது என்பதற்காக மட்டுமல்ல. எனக்கும் நீ முன்னால் நின்று "பாம் பாம்" என்று வாயாலேயே ஹாரன் அடித்துக்கொண்டு வருவது பிடிக்கும். ஊர் தாண்டியதும் ரோடு காலியாக இருந்தது. நீ "இன்னும் வேகமா, இன்னும் வேகமா" என்றாய். நான் முறுக்கினேன். ஓடைப் பாலத்துக்கு முன்னால் ஒரு வளைவு. வளைந்து திரும்பினால் ரோடு முழுக்கச் செம்மறி ஆடுகள்.

பிரேக்கை அழுத்தினேன். வண்டி சறுக்கிச் சாய்ந்தது. வேகமாகப் போய் மோதவில்லை, கை கால் முறியவில்லை, உனக்கு முழங்கையில் ஒரு சிராய்ப்புத்தான். ஆனால் வண்டி சாயும்போது ஹேண்டில் திரும்பி அதன் முனை உன் வயிற்றில், இடது பக்கம் விலாவுக்குக் கீழே குத்தியது. நீ ஒரு நிமிடம் மூச்சுப் பிடித்து நின்றாய், பிறகு அழுதாய், பிறகு ஆட்டுக்குட்டி ஒன்று உன் பக்கத்தில் வந்ததும் அழுகையை நிறுத்திவிட்டாய். ஆட்டுக்காரர் ஓடிவந்தார். நெடிய ஆள், தலையில் சிவப்புத் துண்டு. உன் சட்டையைத் தூக்கிப் பார்த்தார். "அண்ணாச்சி, பிள்ள வயித்துல கம்பி இடிச்சிருக்கு. மொகம் சரியில்ல. தோட்டத்துக்குப் பொறவு போகலாம், மொத ஆசுபத்திரிக்குக் கொண்டுட்டுப் போங்க" என்றார். எனக்கு அவர்மேல் எரிச்சல்தான் வந்தது. "ரோட்ட மறிச்சு ஆட்ட விட்டுட்டு எனக்குப் புத்தி சொல்லுதீராவே?" என்று கேட்டுவிட்டு வண்டியைத் தூக்கி நிறுத்தினேன். அவர் நாம் கண்ணில் படும் தூரம் வரை கம்பை ஊன்றி நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஆஸ்பத்திரிக்குப் போனால் அம்மாவுக்குத் தெரியும். தெரிந்தால் கூட்டிப் போகாதே என்று சொன்னது நினைவுக்கு வரும். அவ்வளவுதான் அன்றைக்கு என் மண்டைக்குள் ஓடியது. வழியில் ஒரு பெட்டிக்கடையில் உனக்குக் குடிக்க ஆரஞ்சுக் கலர் வாங்கிக் கொடுத்து, "அம்மாட்ட விழுந்ததச் சொல்லாத, என்ன?" என்றேன். நீ பெரிய மனுஷன் மாதிரி தலையாட்டினாய். தோட்டத்தில் பம்ப்செட் அறை நிழலில் சாக்கை விரித்து உன்னைப் படுக்கவைத்துவிட்டு மோட்டாரைப் பிரித்தேன். கொஞ்ச நேரத்தில், "அப்பா, தோளு வலிக்கு" என்றாய். இடது தோள். தோளில் அடிபடவே இல்லையே என்று நினைத்தேன். "கைய ஊனி விழுந்திருப்பலே, சரியாயிரும்" என்று சொல்லி, தோட்டக்காரர் கோயிலிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த புற்றுமண்ணைக் குழைத்துத் தோளில் பூசினேன். வயிற்றுக்குள் ரத்தம் கசிந்து மேலே தேங்கினால் தோளில் வலிக்கும் என்று பின்னால் டாக்டரம்மா சொன்னார். நான் வலிக்கிற இடத்தில் மண் பூசிக்கொண்டிருந்தேன், கசிகிற இடம் வேறு எங்கோ இருந்தது. ஒன்றரை மணி நேரம். மோட்டார் ஓடியது. தண்ணீர் வாய்க்காலில் பாய்ந்தது. உன்னை எழுப்பினால் நீ எழுந்திரிக்கவில்லை. உதடு வெளுத்து, நெற்றி சில்லென்று ஈரமாக இருந்தது.

துண்டால் உன்னை என் முதுகோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு ஓட்டிவந்தேன். பார், அப்போதும் ஆஸ்பத்திரிக்கு அல்ல, வீட்டுக்கு. உன் அம்மா உன்னைக் கையில் வாங்கி, "என்னலே ஆச்சு? எங்கன விழுந்த?" என்று கேட்டாள். நீ கண்ணைத் திறந்து, "ஒண்ணும் இல்லம்மா" என்றாய். கோமதி, இந்த இருபது வருடத்தில் நான் சொன்ன பொய்கள் எத்தனையோ. எதுவும் என்னை இவ்வளவு அறுக்கவில்லை. பேசத் தெம்பில்லாத நிலையிலும் நீ எனக்காகச் சொன்ன அந்த ஒரு வார்த்தைதான் அறுத்துக்கொண்டே இருக்கிறது.

இங்குள்ள ஆஸ்பத்திரியில் நாடி பிடித்துப் பார்த்த நர்ஸ் டாக்டரைக் கூப்பிட ஓடினார். ஆம்புலன்ஸில் திருநெல்வேலிக்குக் கொண்டுபோனோம். அங்கே ஆபரேஷன் செய்தவர் ஒரு டாக்டரம்மா, அப்போது நடுத்தர வயது, கறாரான பேச்சு. "எப்படி அடிபட்டது?" என்று கேட்டார். உன் அம்மா பக்கத்தில் நின்றாள். "தோட்டத்துல படிக்கட்டுல விழுந்துட்டான்" என்றேன். அந்தப் படிக்கட்டு அப்போதுதான் பிறந்தது. டாக்டரம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். மூன்று மணி நேரம் கழித்து வெளியே வந்து, "பிள்ளை பிழைச்சிட்டான். ஆனா மண்ணீரல் நாலு துண்டாக் கிழிஞ்சிருந்தது. தைச்சு நிறுத்தப் பார்த்தேன், நிக்கல. எடுக்க வேண்டியதாப் போச்சு" என்றார். மண்ணீரல் என்ற பெயரையே நான் அன்றைக்குத்தான் கவனித்துக் கேட்டேன். ஆட்டு மண்ணீரலைக் கறிக்கடையில் பார்த்திருக்கிறேன், மனிதனுக்கும் அது உண்டு, அதற்கு ஒரு வேலை உண்டு என்று யோசித்ததில்லை.

மூன்றாம் நாள் அவர் எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்து விளக்கினார். "நெறி கட்டுறதைப் பார்த்திருக்கீங்களா?" என்று ஆரம்பித்தார். "ஆமாம்மா, கால்ல ஆணி குத்துனா தொடை இடுக்குல கொட்டை மாதிரி வீங்கும்" என்றேன். "ஆணி குத்தினது கால்ல. வீக்கம் ஏன் இடுக்குல வருது?" என்றார். அவரே ஒரு காகிதத்தில் ஆள் படம் ஒன்று வரைந்தார். ரத்தம் ஓடுகிற குழாய்களிலிருந்து எந்நேரமும் கொஞ்சம் நீர் சதைக்குள் கசிந்துகொண்டே இருக்குமாம். அந்த நீரைத் திரும்பச் சேகரித்துக் கழுத்துக்குக் கீழே ரத்தத்தில் கொண்டுபோய்ச் சேர்க்க உடம்பு முழுக்க வேறொரு மெல்லிய குழாய் வரிசை இருக்கிறது. அதில் ஓடுவது நிணநீர். அந்தக் குழாய்களின் வழியில் அவரை விதை அளவில் முடிச்சுகள் இருக்கும். கழுத்தில், அக்குளில், தொடை இடுக்கில், வயிற்றுக்குள்ளும். காலில் குத்திய ஆணியோடு உள்ளே போன கிருமி நிணநீரோடு மேலே வரும்போது அந்த முடிச்சில் மாட்டும். அங்கே காத்திருக்கும் வெள்ளையணுக்கள் அதை அடையாளம் கண்டு, தங்களைப் பலமடங்காகப் பெருக்கிக்கொண்டு சண்டைக்கு நிற்கும். அந்தக் கூட்டம்தான் நமக்கு வீக்கமாகத் தெரிகிறது. "நெறி கட்டியிருக்குன்னா உடம்பு வேலை பார்க்குதுன்னு அர்த்தம்" என்றார்.

நான் மோட்டார்க்காரன் அல்லவா, "அந்தத் தண்ணிய மேல ஏத்த எது பம்ப்?" என்று கேட்டேன். அந்த மூன்று நாளில் முதல் தடவையாக அவர் சிரித்தார். "பம்பே கிடையாது. நடந்தா ஓடும், கை காலை அசைச்சா ஓடும், மூச்சு இழுத்து விட்டா ஓடும். சதை பிசைஞ்சு பிசைஞ்சு ஏத்திவிடும். ஒரு தடவை மேல ஏறினது கீழ இறங்காதபடி உள்ளே சின்னச் சின்ன வால்வு இருக்கு." உன் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இவன் ஒரு எடத்துல நிக்கவே மாட்டானேம்மா" என்றாள். "ஓடட்டும், நல்லா ஓடட்டும்" என்றார் டாக்டரம்மா. அதற்கப்புறம் அவர் குரல் மாறியது.

நிணநீருக்கு அந்த முடிச்சுகள் எப்படியோ அப்படி ரத்தத்துக்கு மண்ணீரல். ரத்தம் அதற்குள் புகுந்து மெதுவாக வடிந்து வெளியே வரும். வயதாகிப்போன சிவப்பணுக்களை அது பிடித்து உடைத்துவிடும். ரத்தத்தில் நேராக நுழைந்துவிட்ட கிருமிகளையும் அது பிடிக்கும். சில கிருமிகள் தம்மேல் வழவழப்பாக ஓர் உறையைப் போர்த்திக்கொண்டு வருமாம். வெள்ளையணுவுக்குப் பிடி கிடைக்காது, வழுக்கும். நுரையீரல் காய்ச்சலையும் மூளைக் காய்ச்சலையும் கொண்டுவருகிற கிருமிகளில் பல அந்தச் சாதி. அவற்றை மடக்குவதில் மண்ணீரலுக்கு ஈடு கிடையாது. "மண்ணீரல் இல்லாமலும் மனுஷன் நல்லா வாழலாம். ஈரல் கொஞ்சம் வேலையை எடுத்துக்கும், முடிச்சுகள் இருக்கு, எலும்பு மஜ்ஜை வெள்ளையணுக்களைச் செஞ்சுக்கிட்டேதான் இருக்கும். படிக்கலாம், விளையாடலாம், கல்யாணம் பண்ணிக்கலாம். ஆனா ஒண்ணு. மத்த பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தா ரெண்டு நாள் பார்க்கலாம். இந்தப் பிள்ளைக்குப் பார்க்கக் கூடாது. காலையில லேசா குளிரும், மறுநாள் காலையில கையை விட்டுப் போயிரும். காய்ச்சல்னா அந்த மணி நேரமே ஆஸ்பத்திரி. உள்ளே நுழைஞ்சதும் மண்ணீரல் இல்லைன்னு முதல் வார்த்தையாச் சொல்லணும்." பிறகு தடுப்பூசிகளைப் பற்றிச் சொன்னார். கிருமியின் சாயலை முன்கூட்டியே உடம்புக்குக் காட்டிவைத்தால், நிஜக் கிருமி வரும்போது அதை நினைவில் வைத்திருக்கும் அணுக்கள் முந்திக்கொள்ளும் என்றார். தினமும் ஒரு மாத்திரை, பெரிய பையனாகும் வரை. கடைசியாகச் சொன்னது எனக்கு இன்றும் அட்சரம் பிசகாமல் ஞாபகம் இருக்கிறது: "வளர்ந்ததும் அவன்கிட்டச் சொல்லிருங்க. அவனுக்குத் தெரிஞ்சிருக்கிறதுதான் பெரிய மருந்து."

அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் உன் அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். ஆடு, ஹேண்டில், கலர், புற்றுமண், எல்லாம். அவள் கத்தவில்லை. "ஆட்டுக்காரர் சொல்லியுமா தோட்டத்துக்குப் போனிய?" என்று மட்டும் கேட்டாள். நான் அவள் கையைப் பிடித்து, "அவனுக்குத் தெரிய வேண்டாம். வெவரம் தெரிஞ்ச பெறவு நானே சொல்லுதேன். அதுவரைக்கும் படிக்கட்டுன்னே இருக்கட்டும்" என்று கெஞ்சினேன். அவள் தலையசைத்தாள். அந்தத் தலையசைப்பை அவள் இருபது வருடம் காப்பாற்றினாள். நான்தான் என் வாக்கைக் காப்பாற்றவில்லை. உனக்குப் பத்து வயது இருக்கும், உன் கூட்டாளி ஒருவனிடம் தழும்பைக் காட்டி, "மழ பேஞ்சு படி வழுக்கிட்டு, மூணாவது படியிலருந்து விழுந்தேம்லே" என்று சொல்லிக்கொண்டிருந்தாய். மழையும் மூன்றாவது படியும் நீயாகச் சேர்த்துக்கொண்டவை. வாசலில் நின்று கேட்டேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். பத்தாம் வகுப்புப் பரீட்சை முடியட்டும் என்றேன், பிறகு காலேஜ் முடியட்டும் என்றேன், பிறகு வேலை கிடைக்கட்டும் என்றேன். மண்ணீரல் இல்லை என்று சொன்னால் எப்படிப் போனது என்று கேட்பாய். அந்தக் கேள்விக்குப் பயந்தேன். உன் உடம்பைப் பற்றிய உண்மையை, என் மானத்தைக் காப்பாற்றுவதற்காக உன்னிடமிருந்து ஒளித்துவைத்தேன்.

அதற்கான தண்டனையை அனுபவித்தது நானல்ல, அவள். தினமும் காலையில் அவள் உனக்குக் கொடுத்த "சத்து மாத்திரை" உனக்கு ஞாபகம் இருக்கும். நீ அதை நாக்குக்கடியில் ஒதுக்கிவைத்துப் போய்த் துளசித் தொட்டியில் துப்புவாய். ஒரு நாள் தொட்டியைக் கிளறினபோது ஏழெட்டு மாத்திரைகள் கிடைத்தன. அன்றிலிருந்து நீ விழுங்கும் வரை நின்று, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பாள். "எந்த வீட்லம்மா சத்து மாத்திரைக்கு இப்படிப் போலீஸ் வேல பாப்பாக?" என்று நீ சண்டை போடுவாய். அது சத்து மாத்திரை அல்ல, கிருமி மருந்து. ஒன்பது வயதில் ஆடித்தபசுத் திருவிழா அன்றைக்கு என் தோள்மேல் உட்கார்ந்து சாமி சப்பரம் வரும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தாய். அவள் உன் கால் பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள். சுட்டது. அவ்வளவு கூட்டத்தைப் பிளந்து உன்னை இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். "எல்லாரும் தபசு பாக்காக, எனக்கு மட்டும் ஊசியா?" என்று அழுதாய். பல வருடம் அதைச் சொல்லிக்காட்டினாய். ரெண்டு நாள் படுக்கையில் இருந்து இறங்கிய காய்ச்சலாக நீ அதை நினைத்திருக்கிறாய். அது இறங்குமா என்று அந்த டாக்டர் முதல் நாள் உறுதி சொல்லவில்லை.

அப்புறம் அந்தக் காலேஜ் ஹாஸ்டல். நீ போனில் இருமிக்கொண்டே, "லேசா காய்ச்சல், படுத்திருக்கேன்" என்றாய். அவள் போனை வைத்த கையோடு கிளம்பினாள். ரெண்டு பஸ் மாறி வந்து, ஹாஸ்டல் வார்டனிடம் மல்லுக்கட்டி உள்ளே நுழைந்து, "ஏலே, எந்தி. இப்பவே ஆஸ்பத்திரிக்கு வா" என்று நின்றாள். உன் சேக்காளிகள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன், "காய்ச்சல் போலீஸ் வந்தாச்சுடே" என்று சிரித்தானாம். அந்தப் பெயர் உனக்குக் காலேஜ் முடியும் வரை ஒட்டிக்கொண்டது. நீ அவளோடு இரண்டு மாதம் பேசவில்லை. போனை எடுத்தால் "அப்பாட்டக் குடு" என்பாய். அன்றைக்கு உனக்கு வந்தது நுரையீரல் காய்ச்சல். மறுநாள் வந்திருந்தால் எங்களால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று அந்த ஆஸ்பத்திரி டாக்டர் அவளைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். அவள் வெளியே வந்து உன்னிடம், "சாதாக் காய்ச்சல்தான், ஊசி போட்டாச் சரியாயிரும்" என்றாள். நீ பேசாமல் இருந்த அந்த இரண்டு மாதத்தில் ஒரு நாள் நான் தாங்கமாட்டாமல், "நான் போய் அவன்கிட்ட உள்ளதச் சொல்லிருதேன்" என்றேன். "சொல்லுங்க. நான் தடுக்கல. ஆனா எனக்காகச் சொல்லாதிய. கோவம் இருந்தா இருந்துட்டுப் போவுது. உசுரோட இருந்துதான கோவப்படுதான்" என்றாள். நான் போகவில்லை.

அம்மா பயந்த சுபாவம் என்று நீ எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறாய். போன மாதம் கூட மாமா வீட்டில் சிரித்துச் சொன்னாய். அவள் பயந்தவளே இல்லை, கோமதி. வீட்டுக்குள் நல்ல பாம்பு வந்தபோது நான் கட்டில்மேல் ஏறினேன், அவள்தான் விளக்குமாற்றோடு நின்றாள். காரணத்தைச் சொல்ல முடியாத காவலாக இருந்தாள், அவ்வளவுதான். அந்தக் காரணத்தைச் சொல்லவிடாமல் அவள் வாயைக் கட்டியவன் நான்.

புதன்கிழமை காயில் கம்பி வாங்க என்று சொல்லிவிட்டுத் திருநெல்வேலி போனேன் அல்லவா, கம்பி வாங்கப் போகவில்லை. அந்த டாக்டரம்மாவைத் தேடிப் போனேன். தலை முழுக்க நரைத்துவிட்டது, இப்போது ஆபரேஷன் செய்வதில்லை, ஆலோசனை மட்டும்தான். பழைய டிஸ்சார்ஜ் சீட்டை நீட்டினேன். வாசித்துவிட்டு, "பையன் எப்படி இருக்கான்?" என்றார். நன்றாக இருக்கிறான், எலக்ட்ரிக்கல் படித்தான், ஆப்பிரிக்காவுக்கு வேலைக்குப் போகிறான் என்றேன். "மண்ணீரல் இல்லைங்கிறது கம்பெனிக்குத் தெரியுமா?" என்று கேட்டார். "அவனுக்கே தெரியாதும்மா" என்றேன். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "இருபது வருஷமாவா? அன்னைக்குப் படிக்கட்டுன்னு சொன்னவர்தானே நீங்க?" என்றார். அவருக்கு ஞாபகம் இருந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். முடிந்ததும் திட்டுவார் என்று காத்திருந்தேன். ஒரு டம்ளர் தண்ணீரை என் பக்கம் நகர்த்தினார்.

பிறகு சொன்னார்: மலேரியாக் கிருமி சிவப்பணுக்களுக்குள் புகுந்து உட்கார்ந்துகொள்ளும். கிருமி புகுந்த அணுக்களைச் சலித்துப் பிடிப்பது மண்ணீரல்தான். அது இல்லாதவனுக்கு மலேரியா ஜலதோஷம் மாதிரி வராது, வேகமாக முற்றும். "போகவே கூடாதுன்னு நான் உத்தரவு போட முடியாது. அவன் வயசுக்கு வந்த ஆள். போகாம இருந்தா நல்லதுன்னு சொல்லுவேன். போறதுன்னு முடிவு பண்ணினா, போறதுக்கு முன்னால தடுப்பூசிகளைப் புதுப்பிக்கணும், மலேரியாத் தடுப்பு மாத்திரை ஒரு நாள் தவறக் கூடாது, கொசுவலை இல்லாமத் தூங்கக் கூடாது, காய்ச்சல் வந்தா உடனே போட்டுக்க மாத்திரை சட்டைப்பையில இருக்கணும், போட்டுட்டு நேரா ஆஸ்பத்திரிக்குப் போகணும். நாய் கடிச்சாலும், சின்னக் கடியா இருந்தாலும், டாக்டர்கிட்டப் போகணும். மண்ணீரல் இல்லைங்கிற அட்டை எப்பவும் பர்ஸ்ல இருக்கணும். இதையெல்லாம் நான் உங்ககிட்டச் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. அவனைக் கூட்டிட்டு வாங்க" என்றார். திங்கட்கிழமை பத்து மணிக்கு நேரம் வாங்கிவந்திருக்கிறேன்.

நீ போகக் கூடாது என்று நான் சொல்லமாட்டேன். சொல்லும் தகுதியை அந்த ஓடைப் பாலத்திலேயே இழந்துவிட்டேன். இந்த வேலைக்காக நீ எவ்வளவு காத்திருந்தாய் என்பதும் தெரியும். இனி உன் உடம்பைப் பற்றிய முடிவை நீ எடு. பாதி உண்மையை வைத்துக்கொண்டு எடுக்காதே, அவ்வளவுதான் என் கோரிக்கை. போனால், பக்கத்து அறையில் இருக்கிறவனிடமும் மேலாளரிடமும் இதை முதல் நாளே சொல். நான் ஒளித்த மாதிரி நீ ஒளிக்காதே. நாளைக்குப் பெண் பார்க்கும்போது அந்தப் பெண்ணிடமும் நீயே சொல். அதைக் கேட்டு விலகுகிறவள் விலகட்டும். காய்ச்சல் வந்தால் "சும்மா லேசாத்தான்" என்ற வார்த்தை உன் வாயிலிருந்து வரவே கூடாது. உனக்குப் பிள்ளை பிறந்து, உன்னால் அதற்கு ஒரு தீங்கு நேர்ந்துவிட்டால், அன்றைக்கே சொல்லிவிடு. முதல் நாள் சொல்வது வெட்கம் மட்டும்தான். தள்ளிப்போட்டால் ஒவ்வொரு நாளும் அதோடு ஒரு நாளின் பாரம் ஏறும். எனக்கு ஏழாயிரம் நாளுக்கு மேல் ஏறிக் கிடக்கிறது.

டிஸ்சார்ஜ் சீட்டு, தடுப்பூசி அட்டை, அந்த டாக்டரம்மா அன்றைக்கு வரைந்த ஆள் படம், மூன்றையும் இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். வாசித்து முடித்ததும் உனக்குக் கோபம் வரும். வரட்டும். என்னைக் கேட்க வேண்டியதை எல்லாம் கேள், எத்தனை நாள் வேண்டுமானாலும் பேசாமல் இரு, நான் எங்கும் போய்விடமாட்டேன். ஆனால் முதலில் என்னிடம் வராதே. உன் அம்மா பின்கட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருப்பாள். நான் இதை இன்றைக்கு உன் மேஜையில் வைப்பேன் என்பது அவளுக்குத் தெரியும், அதனால் ஏற்கனவே காய்ந்த துணியைக் கூட எடுத்து மறுபடி உதறிக்கொண்டிருப்பாள். அவளிடம் போ. ஒன்றும் விளக்க வேண்டாம், மன்னிப்பும் கேட்க வேண்டாம். "எனக்குத் தெரிஞ்சுபோச்சும்மா" என்று மட்டும் சொல். அவள் கையில் இருக்கிற துணியை வாங்கி நீ கொடியில் போடு. அவள் கொஞ்ச நேரம் உட்காரட்டும்.

அப்பா